கீமோ போட்ட பத்தாம் நாள் காய்ச்சல்: பெனடோல் கொடுத்தது சரியா?

கேள்வி:

வணக்கம் மிஸ்ஸி (நர்ஸ்). நாங்கள் பிறையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது, எடை 56 கிலோ. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, தீவில் உள்ள மருத்துவமனையில் முதல் கீமோ போட்டு 16 நாள் ஆகிறது. சிவப்பு மருந்து ஒன்று, கூடவே இன்னொன்று. 21 நாளுக்கு ஒரு தடவையாக நான்கு தடவை, பிறகு மருந்து மாறும் என்றார்கள். முதல் மூன்று நாள் ஒரே வாந்தி. மாத்திரை நிறைய இருக்கிறது என்று அம்மா பாதியைச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் ராத்திரி 38.4 காய்ச்சல். இரண்டு பெனடோல் (பாராசிட்டமால்) கொடுத்தேன், காலையில் இறங்கிவிட்டது, நானும் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்விட்டேன். மருத்துவமனைக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு 12 வருஷமாக இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. என் மனைவி நான்கு மாதக் கர்ப்பம், அவள்தான் வாந்தியைச் சுத்தம் செய்கிறாள். பெரியம்மா தினமும் பெலாலாய் காஜா இலையை அரைத்துச் சாறு கொண்டுவருகிறார். பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்குக் குறைவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, "அடுத்த ஊசி எனக்கு வேண்டாம்டா" என்கிறார். அடுத்த வாரம் இரண்டாவது கீமோ. நான் என்ன செய்ய வேண்டும்?
மகன், பிறை, பினாங்கு

பதில்:

தம்பி, நீங்கள் கேட்டவற்றில் காய்ச்சல் ஒன்றுதான் ஒரே ராத்திரியில் உயிரைக் கொண்டுபோகக் கூடியது. மற்றவற்றுக்கு நாளை என்று ஒரு நாள் உண்டு. அதனால் காய்ச்சலிலிருந்து தொடங்குகிறேன்.

பெனடோல் கொடுத்தது தவறு. நீங்கள் அக்கறையில்லாமல் செய்யவில்லை, யாரும் உங்களுக்குப் புரியும்படி சொல்லாமல் விட்டிருக்கலாம். அம்மா அன்று தப்பித்தது நல்ல காலம். ஆனால் அதை வைத்து "போன தடவையும் இப்படித்தான் வந்து போச்சு" என்று அடுத்த தடவை இருந்துவிடாதீர்கள்.

காரணம் இதுதான். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய்ச் செல் அப்படிப்பட்டது. முடியின் வேர், வாயிலும் குடலிலும் உள்ள மெல்லிய உள்தோல், ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அப்படிப்பட்டவைதான். மருந்து ஏறியதும் மஜ்ஜையில் உற்பத்தி படுத்துவிடும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் சில நாள் தாக்குப்பிடிக்கும். அவை தீர்ந்து, புதியவை இன்னும் வந்து சேராத இடைவெளி, கீமோ போட்ட நாளை 1 என்று எண்ணினால், ஏறக்குறைய 7-இலிருந்து 14-ஆம் நாள் வரை. அந்த வாரத்தில் உடம்புக்குக் காவல் மிகக் குறைவு. நம் சொந்தக் குடலில் காலம்காலமாகச் சும்மா இருக்கும் கிருமிகூட அப்போது ரத்தத்துக்குள் ஏறிவிடும்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சாதாரண நாளில் கிருமி புகுந்தால் சிவக்கும், வீங்கும், சீழ் வைக்கும். சீழ் என்பதே பெரும்பாலும் கிருமியோடு போராடி இறந்த வெள்ளை அணுக்கள்தான். அணுவே இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? அதனால் புண் தெரியாது, சளி தெரியாது, காய்ச்சல் மட்டும்தான் தெரியும். பெனடோல் கொடுத்தால் நான்கைந்து மணி நேரத்துக்கு அந்த ஒரே அடையாளமும் மறைந்துபோகிறது. காய்ச்சல் இறங்கியிருக்கும், கிருமி உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். விடியும்போது ரத்த அழுத்தம் விழுந்து, ஆள் குழம்பிப் பேசும் நிலையில் தூக்கிக்கொண்டு ஓடுவது இப்படித்தான் நடக்கிறது.

ஆகவே, 38.0-ஐத் தொட்டால் கிளம்ப வேண்டும். "இன்னொரு மணி நேரம் பார்க்கலாம்", "விடியட்டும்" இரண்டும் வேண்டாம். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மோமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்புங்கள். வயதானவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் காய்ச்சல் ஏறாமலே கிருமி பரவலாம். திடீரென்று துவண்டு போவது, பேச்சில் தடுமாற்றம், மூச்சு வாங்குதல் இவையும் காய்ச்சலுக்குச் சமம்.

எங்கே போவது என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். பிறையில் இருந்துகொண்டு, கீமோ போட்ட இடம் என்பதற்காக 13.5 கிலோமீட்டர் பாலம் ஏறித் தீவுக்குப் போக வேண்டியதில்லை. வேலை விடும் நேரத்தில் அந்தப் பாலம் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அருகில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்குச் செபராங் ஜெயா பக்கம். தெருமுனைக் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி வருவது இதற்குப் போதாது. அம்மாவுக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனையும், நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாட்டிக்கும். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏற வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி. நிற்கவே முடியாத நிலை என்றால் 999.

அவசரப் பிரிவில் முதலில் நிற்பது பதிவுக் கவுண்டர். அங்கே "டெமாம்" (காய்ச்சல்) என்று மட்டும் சொன்னால் காய்ச்சல்காரர்களின் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "எமாக் சாயா செடாங் கீமோதெராபி, ஹாரி கெசெபுலோ, டெமாம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கீமோ, எத்தனையாவது நாள், காய்ச்சல், இந்த மூன்றும் காதில் விழுந்தால் வேகம் மாறும். வாசல் பக்கம் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும்: அம்மாவின் ஐசி, அப்பாயிண்ட்மெண்ட் புத்தகம், மருந்துகளின் பட்டியல் அல்லது உறைகளின் படம், கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், சர்க்கரை பார்க்கும் மெஷின், ஒரு சுவெட்டர். வார்டு குளிரும்.

தெர்மோமீட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மெஷினை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தால் குறைத்துக் காட்டும், வெயிலிலிருந்து வந்தால் கூட்டிக் காட்டும். டிஜிட்டல் தெர்மோமீட்டரை நாக்குக்கு அடியில் வையுங்கள். சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்திருந்தால் 20 நிமிடம் பொறுத்து வையுங்கள். வாய்ப் புண்ணால் முடியவில்லை என்றால் அக்குள். ஆனால் அக்குள் சுமார் அரை டிகிரி குறைத்துக் காட்டும் என்பதால் 37.5-ஐயே காய்ச்சலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. காலையும் மாலையும் ஒரே நேரத்தில் பாருங்கள். தலைவலிக்கோ உடம்பு வலிக்கோ பெனடோல் வேண்டும் என்று அம்மா கேட்டால், முதலில் டெம்பரேச்சர், பிறகுதான் மாத்திரை. போன்ஸ்தான், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இந்த மாதங்களில் வேண்டாம். ரத்தத் தட்டணுவும் குறைந்திருக்கும்போது அவை ரத்தக் கசிவை இழுத்துவரும். இதயத்துக்காக அம்மா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

ராகு காலம் பார்க்கும் காலண்டர் வீட்டுச் சுவரில் இருக்குமே, அதிலேயே எழுதுங்கள். கீமோ நாளில் 1. அடுத்து 2-இலிருந்து 5 வரை ஒரு நிறம், அது வாந்தி நாட்கள். 7-இலிருந்து 14 வரை சிவப்பு. அதற்குப் பிறகு 21 வரை அம்மாவுக்குத் தெம்பு திரும்பும் நாட்கள். நான் கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கோடு சேர்ந்துதான். இரண்டாம் நாள் கொடுக்க வேண்டியதைப் பத்தாம் நாள் கொடுத்துப் பயனில்லை. பத்தாம் நாள் தவிர்க்க வேண்டியதை இருபதாம் நாளும் தவிர்த்தால் அம்மா வீட்டுக்குள் சிறைப்பட்டுப் போவார்.

இப்போது வாந்தி. நீங்கள் சொல்லும் மருந்துக் கூட்டு, சிவப்பாக ஏறும் டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் என்றே நினைக்கிறேன். அதிகமாக வாந்தி வரவைக்கும் கூட்டுகளில் அது ஒன்று. அதனால்தான் அத்தனை மாத்திரை. மருந்தக உறைகளை எடுத்து லேபிளைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று இருக்கும். சிலவற்றில் "பிலா பெர்லு", தேவைப்பட்டால் என்று இருக்கும். பல வீடுகளில் எல்லா உறையையும் "பிலா பெர்லு" போலவே பார்க்கிறார்கள். வாந்தி வந்தால் சாப்பிடலாம் என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். குமட்டல் மூளையில் கிளம்பிய பிறகு அதை அடக்குவது கடினம், கிளம்பாமல் தடுப்பது சுலபம். நேரம் போட்ட மாத்திரையைக் குமட்டல் இல்லாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். அந்த மூன்று நாள் வாந்தியில் பெரும்பகுதி இந்த விட்டுப்போன மாத்திரைகளால் வந்ததாகவே எனக்குப் படுகிறது.

மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்து, மாத்திரை அதில் தெரிந்தால், மறுபடி கொடுக்கலாமா என்று கீமோ போடும் டே கேர் பிரிவுக்கு போன் செய்து கேளுங்கள். முழு மருந்தையும் ஒழுங்காகக் கொடுத்தும் வாந்தி நிற்கவில்லையா? அப்படியானால் அந்த மருந்துகள் அம்மாவுக்குப் போதவில்லை. அதற்கு மேல் வேறு மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் சொன்னால் அடுத்த சுற்றில் சேர்ப்பார்கள். 24 மணி நேரம் தண்ணீர்கூடத் தங்கவில்லை, அல்லது சிறுநீர் கறுத்துக் குறைந்துவிட்டது என்றால் மருத்துவமனை. மெட்டோகுளோப்ரமைடு என்று எழுதிய மாத்திரை சாப்பிட்டபின் கழுத்தோ தாடையோ இழுத்துக்கொண்டால், கண் மேலே செருகினால், மேற்கொண்டு கொடுக்காமல் உடனே காட்டுங்கள். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் சரியாகிவிடும்.

சிறுநீர் முதல் ஓரிரு நாள் சிவப்பாக, ஆரஞ்சாகப் போவது அந்தச் சிவப்பு மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் சிவந்தால், எரிந்தால் அது வேறு. கூடப் போட்ட சைக்ளோஃபாஸ்ஃபமைடு சிறுநீர்ப்பையை உறுத்தக் கூடியது. கீமோ நாளும் மறுநாளும் எட்டு முதல் பத்துக் குவளை தண்ணீர் போக வேண்டும், இரவில் ஒரு தடவையாவது எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டும். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை டாக்டர் சொல்வார்.

இனிப்புநீர் விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு பெரும்பாலும் இருக்கும். அது சர்க்கரையைத் தூக்கிவிடும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 7, 8 என்று அழகாகக் காட்டும், ஏமாந்துவிடுவோம். காலையில் போட்ட ஸ்டீராய்டின் வேகம் மதியத்துக்கு மேல்தான் தெரியும். ஆகவே அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் விரல் குத்திப் பாருங்கள். 15-க்கு மேல் இரண்டு தடவை காட்டினால் போன் செய்யுங்கள். இன்னொரு பக்கம், வாந்தியில் ஒன்றுமே சாப்பிடாத நாளில் வழக்கமான இனிப்புநீர் மாத்திரையையோ இன்சுலினையோ அப்படியே கொடுத்தால் சர்க்கரை 4-க்குக் கீழே விழலாம். அன்று எவ்வளவு கொடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். டெக்ஸாமெதசோனைக் காலையில், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மாலையில் கொடுத்தால் ராத்திரி முழுக்க அம்மா கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

உங்கள் மனைவி இன்றிலிருந்து வாந்தி, சிறுநீர், மலம் எதையும் தொட வேண்டாம். மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் முதல் 48 மணி நேரம் முக்கியமானது. சில மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை சொல்வார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஏழு நாளையே கணக்காக வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். கழிவறையில் மூடியை மூடி இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள். குந்தி உட்காரும் கழிவறை என்றால் ஹோஸைத் தரையோடு தாழ்த்தி, தெறிக்காமல் கழுவுங்கள். வாந்தி பட்ட துணியைத் தனியாக, முடிந்தால் இரண்டு தடவை துவையுங்கள். இதுவரை செய்ததை நினைத்து மனைவி கலங்கிக்கொண்டிருந்தால், அடுத்த கர்ப்பப் பரிசோதனையில் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். அதே நேரம் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: அம்மாவைக் கட்டிப்பிடிப்பதாலோ, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாலோ யாருக்கும் எதுவும் ஆகாது. மருமகள் திடீரென்று ஒதுங்கினால் அம்மா அதை அருவருப்பு என்று எடுத்துக்கொள்வார். ஏன் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்.

சாப்பாட்டில் பலரும் தவறு செய்வது பத்தியத்தில்தான். புற்றுநோய் என்றதும் முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், வெறும் கஞ்சியும் ரசமும் போதும் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மஜ்ஜை புதிய அணு உண்டாக்கவும், வாயின் உள்தோல் ஆறவும் புரதம் வேண்டும். 56 கிலோ எடைக்கு, சிறுநீரகம் நன்றாக இருக்கிற பட்சத்தில், ஒரு நாளைக்கு 65 கிராமுக்குக் குறையாமல் போக வேண்டும். நன்றாக வெந்த இரண்டு முட்டையில் 12. கெம்போங் மீன் 100 கிராம் சதையில் 20. ஒரு சின்னக் கிண்ணம் கெட்டிப் பருப்பில் 8. இரண்டு குவளை பாலில் 16. தவ்ஃபூ ஒரு துண்டில் 10. கூட்டிப் பாருங்கள், 66. இவையெல்லாம் பிறை பசாரில் கிடைப்பவை. டின்னில் வரும் விலையுயர்ந்த சத்துமாவு வாங்காவிட்டால் அம்மாவுக்கு ஏதோ குறை வைத்தோம் என்று நினைக்க வேண்டாம். ஒன்றுமே இறங்காத நாட்களுக்கு மட்டும் அது உதவும். அதிலும் இனிப்புநீர்க்காரர்களுக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

வாந்தி நாட்களில் மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒரு கைப்பிடி. ஆறிய இட்லி, பிஸ்கட், தாளிக்காத மோர், இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர். சூடான சாப்பாடுதான் வாசனை கிளப்பும், ஆறியது கிளப்பாது. சம்பல் கிண்டுவது, கருவாடு பொரிப்பது எல்லாம் அம்மா வாசலில் காற்றாட உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நடக்கட்டும். அம்மாவுக்கு மிகப் பிடித்த சாப்பாட்டை இந்த நாட்களில் கொடுக்காதீர்கள். குமட்டலோடு அந்த ருசி ஒட்டிக்கொண்டால் பிறகு என்றைக்குமே பிடிக்காமல் போய்விடும்.

"எதைத் தின்றாலும் இரும்பு மாதிரி இருக்கு" என்கிறாரா? எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் எடுத்து வைத்துவிட்டுப் பீங்கான் தட்டு, கண்ணாடிக் குவளை, பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள். மருந்தால் நாக்கில் ஏற்கெனவே உலோகச் சுவை. அதன்மேல் எவர்சில்வர் விளிம்பு உதட்டில் பட்டால் தண்ணீரே கசக்கும். செலவில்லாத மாற்றம் இது, பலருக்குப் பலன் கொடுக்கிறது. வாயில் புண் இல்லாதபோது எலுமிச்சை, புளி, கொஞ்சம் ஊறுகாய் நாக்கை எழுப்பும்.

சிவப்பு நாட்களில் சாப்பாட்டுக்கு விதி ஒன்றுதான்: நன்றாக வெந்தது, சூடாகச் சமைத்தது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நிற்காதது. கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, உலாம் (பச்சை இலைகள்), பச்சைத் தவ்கே (முளைப்பயறு), கடை ஐஸ், வெட்டி வைத்த பழம், திறந்து கிடக்கும் பசெம்பூர் வேண்டாம். பழைய சோறு வேண்டவே வேண்டாம். ராத்திரி முழுக்க வெளியில் இருந்த சோற்றில் வளரும் கிருமி, திரும்பச் சூடாக்கினாலும் விஷத்தை விட்டுப்போகும். வீட்டில் கழுவித் தோல் உரித்த வாழைப்பழம், ஆரஞ்சு, பப்பாளி தாராளமாகக் கொடுக்கலாம். பழமே கூடாது, காய்கறியே கூடாது என்ற பழைய கண்டிப்பால் நோய்த்தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை, ஆள்தான் மெலிந்துபோகிறார். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு, அணுக்கள் ஏறி, வாய்ப் புண்ணும் இல்லை என்றால், அம்மா அச்சாம் லக்சா கேட்டால், கொதிக்கக் கொதிக்க, மேலே தூவும் பச்சை வெள்ளரி, புதினா இல்லாமல் வாங்கிக் கொடுங்கள். சாப்பிட்ட சந்தோஷத்துக்கும் ஒரு சத்து உண்டு.

வாய்ப் புண்ணுக்கு மருந்து, புண் வருவதற்கு முன்பே ஆரம்பிப்பதுதான். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். கடையில் விற்கும் எரிச்சலான மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தால் வாய் இன்னும் காயும். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் போதும். நாக்கில் வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், காட்டினால் சொட்டு மருந்து கொடுப்பார்கள்.

மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரையே அதைக் கொண்டுவரும். மூன்றாம் நாள்வரை காத்திருக்காமல் மலமிளக்கி கேட்டு வாங்கி வையுங்கள். ஆசனவாய் வழியாக வைக்கும் எந்த மருந்தும், எனிமாவும் சிவப்பு நாட்களில் கூடாது, அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வாசல். பேதி, வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் போனால் அன்றே காட்டுங்கள்.

சொந்தக்காரர்களை எப்படி வராதே என்று சொல்வது என்பது நம் வீடுகளில் பெரிய சங்கடம். "வரக் கூடாது" என்று சொல்லாமல் தேதி கொடுங்கள். "அத்தை, பதினாறாம் நாளுக்கு மேல வாங்க, அம்மா அப்பதான் உட்கார்ந்து பேசுவாங்க" என்றால் யாருக்கும் மனம் கோணாது. சிவப்பு நாட்களில் வந்தே தீருவோம் என்பவர்கள் முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பால் கழுவி, இருமல் சளி இல்லாமல் வரட்டும். பிள்ளைகளில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அந்த வீட்டார் யாரும் வரக் கூடாது. அம்மாவுக்கே கொப்புளம் தெரிந்தால் வேப்பிலை கட்டி வீட்டில் வைத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முடி, முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் கொத்தாக வரும். அம்மாவுக்கு அது இப்போதே தொடங்கியிருக்கலாம். தலையணையில் முடி பார்க்கிற காலை நேரம்தான் பல பெண்களுக்கு அறுவைச் சிகிச்சையைவிடக் கொடியது. தண்ணீர்மலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால் தடுக்காதீர்கள். ஆனால் கத்தி வேண்டாம், மெஷினால் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். கத்திக் கீறல் இந்த மாதங்களில் விளையாட்டல்ல. நாளும் கூட்டமில்லாத நாளாக, பதினைந்துக்கு மேல் இருக்கட்டும். தலையில் கட்ட மெல்லிய பருத்தித் துணி, வழக்கம்போலப் பொட்டு. பூ வைக்க இடமில்லையே என்று அம்மா அழுதால், திரும்ப வளரும் என்று உடனே சமாதானம் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள்.

பெரியம்மாவின் இலைச்சாறு. தங்கைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் செய்கிறார், அதை மதிக்க வேண்டும். ஆனால் சாற்றை நிறுத்த வேண்டும். ஒன்று, அது பச்சை இலை. மண்ணும் கிருமியும் கழுவினாலும் முழுதாகப் போகாது. இன்னொன்று, டாக்ஸோரூபிசினை உடம்பிலிருந்து வெளியேற்றுவது கல்லீரல். கல்லீரல் அளவுகள் ஏறினால் டோஸைக் குறைப்பார்கள், தள்ளிப்போடுவார்கள். இலைச்சாற்றோடு சேர்ந்து அளவு ஏறினால் எதனால் ஏறியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மஞ்சள் மாத்திரை, டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம், நாட்டு மருந்துக்கடைப் பொடி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் தடை இல்லை. இதுவரை குடித்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு வேறு வேலை கொடுங்கள்: தினமும் அந்த 65 கிராம் கணக்கில் மீனும் பருப்பும் அவர் சமைத்துக் கொண்டுவரட்டும். அவர் கையால் செய்தது தங்கைக்கு இறங்கும்.

"அடுத்த ஊசி வேண்டாம்டா" என்பதற்கு வருகிறேன். இதற்கு நீங்கள் "அப்படிச் சொல்லக் கூடாதும்மா, நீங்க தைரியமா இருக்கணும்" என்று பதில் சொல்லியிருப்பீர்கள், எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். அதோடு அம்மா பேச்சை நிறுத்திக்கொள்வார், வேதனை நிற்காது. அதற்குப் பதில் "எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சும்மா?" என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதுங்கள். வாந்தி, தூக்கமின்மை, ஊசி ஏறும்போது கையில் எரிச்சல், மகனின் லீவெல்லாம் தன்னால் போகிறது என்ற குற்ற உணர்வு, எதுவாகவும் இருக்கலாம். முதல் மூன்றுக்கும் மருந்தும் வழியும் உண்டு. சிவப்பு மருந்து ஏறும்போது ஊசி இடத்தில் எரிந்தாலோ வலித்தாலோ பொறுத்துக்கொள்ளாமல் உடனே மிஸ்ஸியைக் கூப்பிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலையே அரித்துவிடும் மருந்து அது. நரம்பு கிடைக்கவில்லை என்றால் கீமோபோர்ட் வைக்கலாமா என்று கேளுங்கள். எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் வேண்டாம் என்றால், அதை டாக்டரிடம் அம்மாவே சொல்ல இடம் கொடுங்கள். நீங்கள் இடையில் புகுந்து "போடுங்க டாக்டர்" என்று சொல்ல வேண்டாம்.

லீவு, பணம் இரண்டுக்கும் மருத்துவமனையில் உள்ள ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தானை (மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை) கேளுங்கள். மருத்துவ உதவி நிதிகளுக்கு அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். பெற்றோரின் கடும் நோய்ச் செலவுக்கு உங்கள் கேடபிள்யூஎஸ்பி (தொழிலாளர் சேமநிதி) சேமிப்பிலிருந்து எடுக்கவும் வழி உண்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது கீமோவுக்கு முன் ரத்தம் எடுப்பார்கள். அன்று டாக்டரிடம் ஐந்து விஷயம் சொல்லுங்கள்: பத்தாம் நாள் 38.4, பெனடோல் கொடுத்தது, சாப்பிடாமல் விட்ட மாத்திரைகள், அந்த நாட்களின் சர்க்கரை அளவு, இலைச்சாறு. காய்ச்சலைக் கேட்டதும் வெள்ளை அணுக்களைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி எழுதிக் கொடுக்கலாம். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் அது தொடங்கும். ஐஸ் பையில் கொண்டுவரும்போது ஊசி ஐஸைத் தொடாமல் துணி சுற்றுங்கள். ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள், உறையவும் கூடாது. போடுவதற்கு அரை மணி முன் வெளியில் எடுத்து வைத்தால் குத்தும் வலி குறையும். இடுப்பிலும் தொடையிலும் எலும்பு வலி வரும், அது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கியதால் வருவது. அதற்குப் பெனடோல் கொடுக்கலாம், தெர்மோமீட்டர் பார்த்த பிறகு.